சகலைக்குப் போட்ட டயர்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். அதற்குப் பிறகு பேனாவைவிட டயர் லீவரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். மூன்று சுழி வர வேண்டிய இடத்தில் இரண்டு சுழி இருந்தால் நீங்களே ஒரு சுழி சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன ர, பெரிய ற எது எங்கே வரும் என்று இந்த வயதிலும் எனக்குத் தெரியாது. நம் கோயிலின் பங்கு மலரில் வெளிநாட்டில் இருப்பவர்கள் எழுதலாம் என்று போட்டிருந்ததால் துணிந்தேன்.

1

என் பெயர் சவரிமுத்து. மொரப்பூர் பக்கம். இப்போது அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் ஒரு டயர் கடையில் வேலை செய்கிறேன். என் மனைவி செலின் நர்ஸ். அவளுக்கு விசா கிடைத்தது, அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். எங்களுக்கு ஒரே மகள், ஜெனிபர்.

ஊரில் இருந்தவரை தொப்பூர் கணவாயில் லாரி டயர் கடையில் இருந்தேன். பெங்களூரிலிருந்து இறங்குகிற லாரிகள் பிரேக் சூட்டில் புகைந்துகொண்டு வந்து நிற்கும். அங்கே நல்ல டயர் என்றால் ஒரே அர்த்தம்தான்: தேயாத டயர். பட்டன் போன டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி ரீட்ரெட் செய்து, அதுவும் போனால் மறுபடியும் ரீட்ரெட் செய்து ஓட்டுவார்கள். டயரின் மேல் கட்டை கட்டையாக இருக்கிறதே, அதற்குத்தான் நம் பக்கம் பட்டன் என்று பெயர். அது ஆங்கிலச் சொல்தானே என்று இங்கே வந்த புதிதில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம், உங்கள் டயரில் பட்டன் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் குனிந்து நான்கு டயரிலும் பட்டனைத் தேடினார். பிறகு தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார்.

என் பெயரும் இங்கே வந்து கெட்டது. பாஸ்போர்ட்டில் எனக்கு ஒற்றைப் பெயர். இந்த நாட்டில் ஆளுக்கு இரண்டு பெயர் இருந்தாக வேண்டும். இல்லாதவனுக்கு "முதல் பெயர் தெரியாது" என்பதைச் சுருக்கி எஃப், என், யூ என்று மூன்று எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். என் லைசென்ஸில் அதுதான் இருந்தது. கடை முதலாளி அதைப் பார்த்து "ஃப்னூ" என்று கூப்பிட்டார். கூச்சத்தில் நான் திருத்தவில்லை. பிறகு ஆபீசில் போய் மாற்றலாம் என்று பார்த்தால், அந்த ஆபீஸ் இந்த ஆபீசின் காகிதத்தைக் கேட்கிறது, இந்த ஆபீஸ் அந்த ஆபீசின் காகிதத்தைக் கேட்கிறது. இன்றுவரை கடையில் நான் ஃப்னூதான்.

என் சகலைக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர் விவரமானவர். ஊரிலேயே அப்பா பெயரைச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டு வந்தார். அவர் பெயர் ஆரோக்கியசாமி. இங்கே எல்லோரும் அவரை "ஆரோ" என்கிறார்கள். அப்படியென்றால் அம்பு என்று என் மகள்தான் எனக்குச் சொன்னாள். எனக்குப் பெயர் தெரியாது, அவருக்கு அம்பு.

2

சகலையைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. அவர் செலினுடைய அக்கா ரோசலினின் கணவர். பாலிடெக்னிக் படித்தவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை சகல என்பார். கெட்டவர் கிடையாது. எங்களை இந்த ஊருக்கு வரச் சொல்லி வீடு பார்த்துக் கொடுத்ததே அவர்தான். கெட்டவராக இருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கல்யாணமான புதிதில் அத்தை வீட்டில் கோழி அடித்தால் ஈரல் அவர் தட்டுக்குத்தான் போகும். ஒரு கோழிக்கு ஒரு ஈரல், மூத்த மருமகனுக்கு அது முறை. எனக்கு ஈரல் பிடிக்கவே பிடிக்காது. ஆனாலும் அது சட்டியிலிருந்து அவர் தட்டுக்குப் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இங்கே வந்தும் அது தீரவில்லை. என் மகள் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு சொல் பேசினால் பெரியப்பாவிடம் ஒன்பது சொல் பேசுவாள். என் தமிழும் அவளுக்கு ஆகவில்லை, என் ஆங்கிலமும் ஆகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் சகலை ஒரு பழைய ஜப்பான் கார் வாங்கினார். இரண்டே சீட்டு, கூரையை மடக்கலாம். அதை வைத்து ஆட்டோகிராஸ் என்று ஒரு பந்தயத்துக்குப் போக ஆரம்பித்தார். பந்தயம் என்றதும் நெருப்பு பறக்க மோதிக்கொண்டு ஓடுவது என்று நினைக்காதீர்கள். பெரிய காலி மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகளை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார். கூம்பைத் தட்டாமல் வளைந்து ஓடி முடிக்க எத்தனை நொடி என்று பார்ப்பார்கள். தட்டினால் இரண்டு நொடி தண்டம். நம் பக்கம் எருது விடும் விழாவில் மாட்டை ஒவ்வொன்றாக விட்டு, அளந்த தூரத்துக்கு நேரம் பார்க்கிறார்கள் இல்லையா, அதே கணக்கு. ஓட்டுகிறவர்கள் எல்லாம் நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள்தான். சொந்தக் காரில் வந்து ஓட்டிவிட்டு அதே காரில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

எல்லாக் காரையும் ஒன்றாகப் போட்டால் சின்னக் கார் எப்படி ஜெயிக்கும்? அதனால் காரின் சக்தியைப் பார்த்துப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எழுத்து கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவுக்குப் பெயர் கிளாஸ். சகலையின் காருக்கு ஆங்கில எழுத்து ஈ. அதைக் கேட்டதும் செலின் கேட்டாள்:

"ஈ ஓட்டறதுக்கா மாமா இம்புட்டு தூரம் போறாரு? அத நம்ம வூட்லயே ஓட்டலாமில்ல?"

பல மாதத்தில் நான் மனம்விட்டுச் சிரித்தது அன்றுதான். ஆனால் அடுத்த ஞாயிறே அவர் ஈ கிளாஸில் மூன்றாவதாக வந்து ஒரு சின்னக் கப் வாங்கிவிட்டார். ரோசலின் அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினாள். அத்தை அதைப் பெரிதாக அச்சடித்து மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். மாதாவுக்குப் பக்கத்தில்! எங்கள் கல்யாணப் படம் பீரோவுக்கு மேலே சாய்ந்து கிடக்கிறது.

3

இந்தக் கோடையில் சகலையின் டயர்கள் தேய்ந்துவிட்டன. பூசை முடிந்து சாப்பிடும்போது, எது போடலாம் என்று என்னைக் கேட்டார். எல்லோர் முன்னாலும் கேட்டார். எத்தனையோ வருடத்தில் அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

இங்கே கார் டயரின் பக்கத்தில் ஒரு எண் அச்சடித்திருக்கும். எவ்வளவு உழைக்கும் என்பதற்கு அது அடையாளம். எண் கூடினால் நாள் கூடும். கடையில் இருந்ததிலேயே பெரிய எண் அறுநூறு. அந்தச் சோடிகளை எடுத்து, காற்றைக் கொஞ்சமும் கூடக்குறையாமல் அடித்து, பாலன்ஸ் பார்த்து, என் கையாலேயே மாட்டினேன். தொப்பூரில் ஒரு லாரி ஓனருக்கு இப்படி ஒரு டயர் போட்டிருந்தால் என்னைக் கும்பிட்டிருப்பார்.

பந்தயத்தன்று நாங்களும் பார்க்கப் போயிருந்தோம். ஜெனிபர் பெரியப்பாவின் கார்க் கதவில் பந்தய எண்ணையும் ஈ என்ற எழுத்தையும் ஒட்டினாள். கார் கிளம்பியது. முதல் வளைவில் எண்ணெய்ச் சட்டியில் வெங்காயம் சறுக்குவது போல் சறுக்கிப் பக்கவாட்டில் போய் மூன்று கூம்பைச் சாய்த்தது. இரண்டாவது சுற்றில் ஒரு கூம்பு காரின் அடியில் சிக்கி, கடைசிவரை சகலை அதை இழுத்துக்கொண்டே வந்தார். ஈ கிளாஸில் கடைசி.

பிறகு சாப்பாட்டில்தான் சகலை குழம்பை ஊற்றிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்:

"ஏங்க சகல, நல்லா பாத்துதான் போட்டீங்களா?"

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழியில் செலினும் அதையே, ஆனால் வெளிப்படையாகக் கேட்டாள். வேணும்னு செஞ்சீங்களா என்று.

நான் என்ன சொல்வேன்? கார் சறுக்கியபோது எனக்குள்ளே கொஞ்சம் சந்தோஷம் வந்தது உண்மை. என் மனதில் பொறாமை இருந்தது, டயரில் இல்லை. ஆனால் மனதைப் பார்த்தவர்கள் டயரையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

4

எங்கே தப்பு என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த தடவை அந்த மைதானத்துக்குத் தனியாகப் போனேன். பந்தயத்தை நடத்துகிற கிளப்பில் டயரைச் சோதிக்கிற ஓர் அம்மா இருக்கிறார், பார்பரா என்று பெயர். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் தயங்கித் தயங்கி அறுநூறு என்று சொன்னதும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு ஒரு காரின் டயரைக் காட்டி நகத்தால் அழுத்தச் சொன்னார். நகம் பதிந்தது. பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரை நினைத்துக்கொள், என்றார். நன்றாக அழிக்கிற ரப்பர் சீக்கிரம் தேயும். தேயாமல் இருக்கிற ரப்பர் காகிதத்தைத்தான் கிழிக்கும்.

ஐந்தாம் வகுப்புவரை படித்தவனுக்கு அது போதும். எனக்கு விளங்கிவிட்டது. இங்கே டயர் தரையைப் பிடிக்க வேண்டும், பிடிக்கிற டயர் தேயத்தான் செய்யும். நான் வாழ்நாள் முழுவதும் எதைக் குறை என்று நினைத்தேனோ அதைத்தான் இவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரணக் கார்களின் கிளாஸில் எண் இருநூறுக்குக் கீழே போகக் கூடாது. இருநூறு போட்டவன்தான் விவரமானவன்.

சுண்ணக்கட்டியையும் அவர்தான் காட்டினார். ஓட்டுவதற்கு முன் டயரின் ஓரத்தில் கோடு போடுகிறார்கள். ஓடி வந்த பிறகு கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். ரொம்பக் கீழேவரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று பத்தாது. கோடு அப்படியே இருந்தால் காற்று அதிகம். தொப்பூரில் ஓட்டை இருக்கும் இடத்தைக் குறிக்க நான் வைத்திருந்ததும் அதே சுண்ணக்கட்டிதான்.

கிளாஸ் விதிகளை ஜெனிபரிடம் கேட்டேன். போனைப் பார்த்துக்கொண்டே படித்துச் சொன்னாள். ஈ கிளாஸில் காரைக் கம்பெனி விட்டபடியே வைத்திருக்க வேண்டும். டயரை மாற்றலாம், ஆனால் டயர் உட்காருகிற வீல் அதே அகலத்தில் இருக்க வேண்டும். அகல வீல் போட்டால் மாற்றங்கள் செய்த கார்களோடு வேறு கிளாஸில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அங்கே இருப்பவர்கள் ஸ்பிரிங்கிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு பல வருடமாக ஓட்டுகிறவர்கள். படித்து முடித்ததும், ஏன் கேட்கிறீர்கள் என்றாள். உங்க பெரியப்பாவுக்குத்தான் என்றேன். ஒரு நிமிடம் போனிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள்.

5

அடுத்த வாரம் சகலை எங்கள் கடைக்கு வந்தார். அவருடையது பின் சீட்டு இல்லாத கார் என்பதால், ரோசலினும் தன் காரில் சாமானை ஏற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அதில் நான்கு புது வீல். வெண்கல நிறம், கண்ணைப் பறித்தது. மேலே இருநூறு எண் டயர்கள். இந்தத் தடவை என்னைக் கேட்காமல் வேறு எங்கோ விசாரித்து வாங்கியிருக்கிறார். காருக்கு மாட்டிக் கொடுங்கள் என்றார்.

வீலைத் தூக்கியதுமே அகலம் என்று கைக்குத் தெரிந்துவிட்டது. அளந்தும் பார்த்தேன். கம்பெனி வீலைவிட நன்றாகவே அகலம்.

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். அவராக வாங்கியது, அவராக மாட்டச் சொன்னது. ஒரு வார்த்தை பேசாமல் நான்கு நட்டை முடுக்கி அனுப்பினால் அவர் பெரிய கிளாஸில் போய்க் கடைசியாக வருவார். என் மேல் ஒரு சொல் வராது. மாதாவுக்குப் பக்கத்தில் புதுப் படம் எதுவும் ஏறாது. வீலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நேரம் முதலாளிக்கே நீளமாகத் தெரிந்து, "ஃப்னூ, ஏதாவது பிரச்சினையா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

சகலையிடம் போய்ச் சொன்னேன்.

"அண்ணா, டயரு அருமைங்க. ஆனா இந்த வீலு வேணாங்க. இது அகலம். கிளாஸ் மாறிப்போயிரும்."

"யாரு சொன்னா?"

"விதியில இருக்குதுங்க. பாப்பா படிச்சுச் சொல்லுச்சு. பழைய வீல்லயே இந்த டயரப் போட்டுத் தரேன். ஈ கிளாஸ்லயே ஓட்டலாம்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபமாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சின்னப் பையனைப் பார்ப்பது போல் சிரித்தார்.

"அன்னிக்கு அறுநூறப் போட்டீங்க. இன்னிக்கு இத வேணாங்கறீங்க. வுடுங்க சகல. நாலு பேரு பாக்கற மாதிரி இருக்கட்டும்னு உங்களுக்குத் தோணாதா?"

மாட்டினேன். நட்டுகளை அளவாக முடுக்கி, ஒருமுறைக்கு இரண்டுமுறை சரிபார்த்து அனுப்பினேன். பொய் சொன்னால் நம்புகிறார்கள், பொறாமைக்காரன் உண்மையைச் சொன்னால் நம்புவதில்லை. கழற்றிய அறுநூறு எண் டயர்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று போகும்போது சொன்னார். அதையும் தானமாகத்தான் சொன்னார்.

பந்தயத்தில் பார்பரா அம்மா வீலைப் பார்த்தார், அளந்தார், கதவில் இருந்த ஈ என்ற எழுத்தை உரித்து எடுத்துவிட்டு வேறு எழுத்தை ஒட்டச் சொன்னார். சகலை தூரத்தில் நின்ற என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். கார் அன்று பிரமாதமாகப் பிடித்தது, ஒரு கூம்புகூட விழவில்லை. அவர் நேரம் முன்னைவிட நன்றாகக் குறைந்தது. ஈ கிளாஸில் இருந்திருந்தால் நிச்சயம் கப். ஆனால் அந்தக் கிளாஸில் அவருக்கு மேலே இருந்தவருக்கும் அவருக்கும் நடுவே பஸ் போகலாம். கடைசி.

பாவம் என்று நினைத்தேன். நான் சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன், வீட்டுக்கு வரும்வரை.

6

போன ஞாயிறு சகலை வீட்டிலிருந்து அத்தைக்கு வீடியோ போட்டார்கள். நாங்கள் எல்லோரும் சோபாவில் நெருங்கி உட்கார்ந்திருந்தோம். அத்தை வந்ததும் முதல் பேச்சே இதுதான்:

"பெரிய மருமவன் கிளாஸ் ஏறிட்டாராமே! ரோசு சொல்லுச்சு. மேல் கிளாஸ்ல வுட்டுட்டாங்களாம்ல?"

ரோசலின் தரையைப் பார்த்தாள். ஊரில் அது அப்படித்தான் அர்த்தமாகும். நன்றாகப் படிக்கிறவனைத்தானே மேல் கிளாஸில் விடுவார்கள்? அங்கே கடைசியாக வந்தார் என்பதை யாரும் சொல்லவில்லை. எனக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. தோற்றதற்கும் ஒரு மனிதனுக்குப் பேர் கிடைக்குமா? அத்தை சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாராம், பூசைக்குப் போன இடத்தில் சாமியாரிடமும் சொன்னாராம்.

பிறகு, என்னை விட்டுவிடக் கூடாது என்று அத்தைக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"சின்ன மருமவனுங்க? நீங்க எந்தக் கிளாஸுங்க?"

நான் காரே ஓட்டவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியதும் வாயில் வந்தது வேறு.

"அஞ்சாங் கிளாஸுங்க அத்த."

எல்லோரும் சிரித்தார்கள். செலின் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். ஜெனிபருக்கு யாரோ விளக்கிச் சொன்ன பிறகு அவளும் சிரித்தாள். சகலை மட்டும் சிரிக்கவில்லை. போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"அத்த, இது ஏறுனது இல்லைங்க. தப்பான வீலப் போட்டு மாட்டிக்கிட்டேன். கடைசியா வந்தேன். சகல அப்பவே வேணாம்னாரு. அவரு பொறாமைல சொல்றாருன்னு நெனச்சிட்டேன். மொதல்ல போட்ட டயருக்கும் அப்டித்தான் நெனச்சேன். எந் தப்புங்க அத்த."

இந்தக் கோடை முழுவதும் நான் கேட்க நினைத்தது இதைத்தான். அதுவும் எல்லோர் முன்னாலும், அத்தையின் காதில் விழ. எனக்குக் கண் கரித்தது. ஜெனிபர் என்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் ஒரு கிளாஸ் ஏறியது போல் இருந்தது.

அத்தை செலினைக் கூப்பிட்டார்.

"பாத்தியா செலினு, தப்பத் தப்புன்னு நாலு பேரு முன்னால சொல்றதுக்கு ஒரு மனசு வேணும். எம் பெரிய மருமவனுக்கு எப்பவுமே பெரிய மனசு."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். ஈரல் மறுபடியும் அவர் தட்டுக்கே போய்விட்டது.

வரும் சனிக்கிழமை சகலை கடைக்கு வருகிறார். வெண்கல வீலிலிருந்து இருநூறு எண் டயர்களைக் கழற்றிப் பழைய வீலில் மாட்டி, காரை ஈ கிளாஸுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நன்றாகத்தான் மாட்டுவேன். அடுத்த வருடம் கப் வாங்குவார், அத்தை மாதாவுக்கு அந்தப் பக்கமும் ஒரு படம் மாட்டுவார். அந்த அறுநூறு எண் டயர்கள் என் காரில் ஓடுகின்றன. பட்டன் அப்படியே இருக்கிறது, தேய்வதாகத் தெரியவில்லை.

அத்தைக்குக் கண் சரியில்லை, இதை யாராவது படித்துக் காட்டுவார்கள். சகலையும் படிப்பார். படித்துவிட்டு, அவர் குணத்துக்கு, நன்றாக எழுதியிருக்கிறீர்கள் சகல என்றுதான் சொல்வார். அதை நினைத்துத்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். இன்று பூசை முடிந்து வந்து, அவர் வீட்டுச் சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் எழுதி முடித்துவிட்டேன்.

ஐப்பசி 2, ஞாயிற்றுக்கிழமை.